பிடி அரிசி டப்பா

அம்மாவின் அடுப்பங்கரையில் மூடி நசுங்கிய பால்மாவு டப்பா ஒன்று இருந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவைப்பாள். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரே சாக்கில் கொட்டுவோம். மாதக் கடைசியில் அந்தச் சாக்கு, சபையில் அதிகம் கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போகும்.

அப்பா காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தல் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். நல்ல நாட்களில் எங்களுக்குப் பொன்னி அரிசிச் சோறுதான். ரேஷன் அரிசி கோழிக்கும் இட்லி மாவுக்கும். உலைக்கு எடுக்கிற அரிசியிலிருந்துதான் கர்த்தருக்குப் பிடி எடுக்க வேண்டும். அம்மா அதை மட்டும் ரேஷன் மூட்டையிலிருந்து எடுப்பாள். காணிக்கை கொடுத்ததாகவும் ஆயிற்று, பானையில் நல்ல அரிசி குறையாமலும் ஆயிற்று. அம்மாவை மட்டும் சொல்லி என்ன, பாதி வீடுகளில் அப்படித்தான்.

ஒரு வருடம், பழம் வெட்ட ஒரு வாரம் இருக்கும்போது மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. பழமெல்லாம் வெடித்து அழுகிப்போயிற்று. அப்பா பந்தலுக்கடியில் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அதன்பின் ரேஷன் அரிசியே எங்கள் சோறானது. அதுவும் பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். மீதி நாட்களுக்கு யாரிடமாவது வாங்கிவந்த நொய்க்கஞ்சி, ஒரு வேளை. அதிலும் அம்மா ஒரு பிடி எடுத்தாள். தம்பி பசியில் அழுதுகொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நமக்கே இல்ல, இதுல யாருக்கும்மா எடுத்து வைக்கிற?"

"கர்த்தரு நம்மள விட்ருவாரா ஆத்தா? எப்படியும் தருவாரு."

தந்தார். அந்த மாதக் கடைசியில் போதகரே சைக்கிளில் சாக்கைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். தம்பி குதித்தான். அம்மா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே முறத்தில் கொட்டினாள். பல வீட்டு அரிசி கலந்து கிடந்தது. முக்கால்வாசி பழுப்பேறி வண்டு விழுந்த ரேஷன் அரிசி. கல் பொறுக்கிய கை நின்றுவிட்டது.

"கர்த்தரு தந்துட்டாரு ஆத்தா. நான் குடுத்ததத்தான் தந்திருக்காரு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கேட்டது கிடைத்த பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. நாங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

பிறகு நாங்கள் தலையெடுத்தோம். எனக்குத் தேனியில் வேலை. அப்பா போன பின்பும் அம்மா ஊரைவிட்டு வரவில்லை. மாதாமாதம் பொன்னி அரிசி மூட்டை வாங்கி இறக்கிவிட்டு வருவேன். போனில் கேட்டால், "நல்லாத்தான் சாப்புடுறேன். போதகருகூட வந்து பாத்துட்டுப் போனாக" என்பாள்.

இந்தக் கோடையில் அம்மா இறந்தாள். அடக்கம் முடிந்து அடுப்பங்கரைக்குள் போனேன். டப்பா நிறையப் பொன்னி அரிசி. அம்மா தனக்குப் பொங்க அரிசி எடுக்கிற பானையைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் ரேஷன் அரிசி கிடந்தது.

பக்கத்து வீட்டு மதினியிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அத்தை இப்படித்தான். நல்ல அரிசியப் படி படியாக் கோயிலுக்குக் கொண்டுபோய்ருவாக. பிள்ளைககிட்டச் சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிட்டாக."

நான் வாங்கிக் கொடுத்த அரிசியில் ஒரு வேளைகூட அம்மா சாப்பிட்டிருக்கவில்லை. கர்த்தர் எப்போதோ மன்னித்திருப்பார். அம்மாதான் தன்னை மன்னிக்கவில்லை. அதை அறியாமல் இத்தனை வருடம் மகள் என்று இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கொண்டுபோய்க் கோயில் சாக்கில் கொட்டினேன். வீட்டுக்கு வந்து அந்த ரேஷன் அரிசியை வண்டு பொறுக்கிப் பொங்கினேன். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.