தெருவில் பாடாத ஸக்கியா

சூடானின் அத்பரா நகரில் ஸக்கியாவின் பாட்டும் தலூக்கா என்ற மண் மேளமும் இல்லாமல் கல்யாணம் நடக்காது. ரொட்டி விலை மும்மடங்கு ஏறிய வாரம், மணப்பெண்ணைப் புகழும் மெட்டில் அவள் தெருவில் நின்று ரொட்டி கேட்டுப் பாடினாள். ஊரே அதைப் பாடிக்கொண்டு ஊர்வலம் போனது. போலீஸ் அவளை மூன்று நாள் அடைத்து வைத்தது.

"இனிமே தெருவுல பாட மாட்டேன்னு எழுதிக் கொடு," என்றார் அதிகாரி.

"தெருவுலதானே? கொடுங்க பேனாவ," என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளே ஒரு கல்யாண வீட்டுக் கூடத்தில், மேளத்தை மடியில் வைத்து அதே பாட்டை எடுத்தாள். மணமகன் முதல் சமையல்காரி வரை எல்லோரும் பாடியபடியே ரயிலடிக்கு ஊர்வலமாகக் கிளம்பினார்கள்.

"நீ வரலையா அக்கா?" என்று மணப்பெண் வாசலில் நின்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்டி. நீங்க போங்க, நான் இங்கேருந்தே அடிக்கிறேன்."

சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு அமர்ந்தாள். உள்ளங்கை வீங்கியும், ஊர்வலம் திரும்பும்வரை அவள் மேளத்தை நிறுத்தவில்லை.