பாடு வந்தவன் வராத நாள்

பழவேற்காட்டு ஏரி எங்கள் ஊரில் எல்லாருக்கும் சொந்தம்தான். ஆனால் ஒரே நாளில் எல்லாரும் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. உன் பாடு வரும் நாளில் முகத்துவாரத்தில் மீன் அதிகம் விழும் தண்ணீர் உனக்கு மட்டும். அதுவும் ஆம்பளைகளுக்குத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவியே இறால் பிடிக்கும் என் அம்மாவுக்குப் பாடு கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் பட்டணத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தேன். ஆறு மணியானால் பெண்கள் லேபை விட்டு வெளியேற வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம். மிச்சமிருந்த பகலில் ஒரு புரோகிராம் எழுதினேன். பல கம்ப்யூட்டர்களை ஒரே கம்பியில் இணைத்தால் என்ன ஆகும் என்று, கம்பியே இல்லாமல் ஒரே மெஷினுக்குள் நடத்திப் பார்ப்பது அதன் வேலை. இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதறும். நான் எங்கள் ஊர்ப் பாடு முறையை வைத்தேன். முறை வந்தது பேசட்டும், மற்றவை வாயை மூடட்டும். அருமையாக ஓடியது.

பிறகு ஒரு மெஷினைச் சாகடித்துப் பார்த்தேன். மொத்தமும் நின்றுபோனது. செத்ததன் முறை முடியட்டும் என்று மற்றவை எல்லாம் காத்துக் கிடந்தன.

"ஏம்மா, இப்படி யாராவது எழுதுவாங்களா?" என்று என் புராஜெக்ட் கைடு சிரித்தார்.

எங்கள் ஊரில் எழுதுவார்கள். பாடு வந்தவன் வராவிட்டால் அன்றைக்கு அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கும், வேறு எவனும் தொடமாட்டான். யோசிக்காமல் அதையே எழுதி வைத்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் பொன்னேரியில் ரயில் இறங்கி வீட்டுக்குப் போனால், நைனா காய்ச்சலில் கிடந்தார். மறுநாள் அவர் பாடு. படகு இருந்தது, வலை இருந்தது, அம்மாவும் நானும் இருந்தோம். ஊர்த் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"பொம்பளைக்கு இன்னாம்மா பாடு? வழக்கத்துல இல்ல" என்றார்.

மறுநாள் தண்ணீர் சும்மா கிடந்தது, எங்கள் அடுப்பும். வழக்கமாம், மண்ணாங்கட்டி வழக்கம்!

திங்கட்கிழமை அந்த ஆத்திரத்தோடு லேபில் உட்கார்ந்தேன். முறை வந்தது பதில் சொல்லாவிட்டால் கொஞ்சம் பொறு, பிறகு பக்கத்தில் இருப்பதற்குக் கொடு. சில வரிகள்தான். இப்போது எதைச் சாகடித்தாலும் மிச்சமிருந்தவை பேசிக்கொண்டே இருந்தன. கைடு பிளாப்பியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். லேப் சொத்தாம், யாருக்கும் தரக்கூடாதாம். அதற்குள் கேட்டவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்திருந்தேன். "எடுத்துக்கொள், பிடிக்காததை மாற்று, மாற்றியதை எனக்கும் கொடு" என்று புரோகிராமின் தலையிலேயே எழுதியிருந்தேன். வேறொரு கல்லூரிக்காரி ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினாள். இன்னொருவன் வேகத்தைக் கூட்டினான். பீரோவில் இருந்தது பழசாகிப்போனது.

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?" என்று கைடு கத்தினார்.

"யாரையும் கேக்கல, சார்."

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மழைக்காலத்தில் நைனா மறுபடி படுத்தார். மறுபடி அவர் பாடு. இருட்டோடு போய்விடலாம் என்றேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று அம்மா விடியும்வரை காத்திருந்தாள். நல்ல வெளிச்சத்தில் படகைத் தள்ளினோம். கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தலைவர் முட்டளவு தண்ணீரில் இறங்கி வந்தார்.

"யாரைக் கேட்டுக்கினு போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கழியை ஊன்றித் தள்ளினாள்.

"யாரையும் கேக்கல" என்றாள்.