மாமா பாண்டாவாக இருந்தபோது

எங்கள் மாமா நாலு மாதம் பாண்டாக் கரடியாக இருந்தார். பூனாவில் கேம்ப் என்கிற கடைத்தெருப் பகுதியில் ஒரு குழந்தைகள் துணிக்கடை வாசலில், ஜூலையில் தொடங்கி அந்த வருடத் தீபாவளி வரைக்கும், வாரத்துக்கு ஆறு நாள். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நான் கண்ணால் பார்த்தவள்.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு, அங்கே தன் பெரியப்பாவின் உரக்கடையில் மூட்டை தள்ளப் பிடிக்காமல், மழையோடு மழையாகப் பூனாவுக்கு, கோர்படியிலிருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அப்பா ராணுவ ஒர்க்‌ஷாப் ஒன்றில் கிளார்க். எதற்கும் ஒரு கெடு வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "தீபாவளி வரைக்கும் பாப்போம். ஒண்ணும் சரிப்பட்டு வரலைன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுருவோம், என்ன மாப்ள?" என்றார். மாமா தலையாட்டினார்.

பூனாவில் வேலைக்குப் பஞ்சமில்லை. மாமாவிடம் இந்திக்குத்தான் பஞ்சம். போன இடத்திலெல்லாம் இந்தி வருமா என்று இந்தியிலேயே கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டு, "ஹாங் ஜி" என்று பெரிதாகத் தலையாட்டுவார். இரண்டாவது கேள்வியில் வெளியே வந்துவிடுவார். எட்டு வயதில் நான்தான் அவருக்கு வீட்டில் இந்தி டீச்சர். வாத்தியார் வேலையில் எனக்கிருந்த ஆர்வம் மாணவருக்கு இல்லை. பாடம் நடக்கும்போதே தூங்கிவிடுவார்.

ஜூலையில் ஒரு நாள் கையில் பேடாவோடு வந்து, கேம்பில் துணிக்கடையில் வேலை கிடைத்துவிட்டது என்றார். அப்பா விடுவாரா?

"என்ன வேலை மாப்ள?"

"வாசல்ல நின்னு வாரவங்கள வரவேற்கணும் அத்தான்."

"ரிசப்ஷனா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க."

மறுநாளே குவார்ட்டர்ஸ் முழுவதும் அப்பா தன் மச்சினன் ரிசப்ஷனில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். மாமா சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

ஆகஸ்டில் எனக்கு ரெயின்கோட் வாங்க அம்மா என்னைக் கேம்புக்குக் கூட்டிப்போனாள். ஒரு கடை வாசலில் ஆள் உயரப் பாண்டா ஒன்று பிள்ளைகளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அது பாய்ந்துபோய், சட்டை மாட்டியிருந்த பொம்மைக்குப் பின்னால் ஒளிந்தது. தலை ஒளிந்தது, வயிறு ஒளியவில்லை. பொம்மை சாய்ந்து விழுந்தது. அதைப் பார்க்கக் குனிந்தபோதுதான் பாண்டாவின் காலைக் கவனித்தேன். மாமாவின் ரப்பர் செருப்பு. ஒன்றுக்கு நீல வார், இன்னொன்றுக்குப் பச்சை வார். அம்மாவே ஊக்கு குத்திச் சரிசெய்து கொடுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டா தன் மூக்கின் மேல் விரலை வைத்தது.

அம்மா கடைப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "கரடி நல்லாருக்கு" என்றாள்.

"அது கரடி இல்லம்மா, பாண்டா" என்று திருத்தினேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன்.

மறுநாள் காலையில் என்னைப் பள்ளியில் விட வந்த மாமா வழியிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி மருமவளே, உங்கம்மைட்ட மட்டும் சொல்லிராத. பி.காம். படிச்சவன் கரடி வேசம் போடுதான்னு தெரிஞ்சா அழுதுருவா." நான் சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்ற வாரம் ஒரு வடாபாவ் என்று பேசி முடித்தோம்.

அதற்குப் பிறகு பாண்டாவின் அன்றாடம் முழுவதும் எனக்குத் தெரிந்தது. அந்தத் தெருவில் ஒரு கறுப்பு நாய்க்குப் பாண்டாவைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் அது துரத்திய துரத்தலில், தெருவோரம் நின்ற ஓர் ஆட்டோவுக்குள் மாமா பாய்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார், அசரவில்லை. ஸ்டேஷனுக்கா என்று இந்தியில் கேட்டார். மாமாவுக்குத் தெரிந்த இந்தி தலையாட்டுவதுதானே, ஆட்டினார். ரயில்வே ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கிருந்து கடைக்கு நடந்தே திரும்பி வந்த பாண்டாவுக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் ஊர்வலமாக வந்தார்களாம். இன்னொரு நாள் பிய்ந்த காதைத் தைக்கப் பாண்டாத் தலையை மட்டும் பஸ்ஸில் எடுத்துப்போனார். தலை ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்துவிட்டார்.

இதற்கு நடுவில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நாள் முழுக்கப் பிள்ளைகள் பேசுவதையே கேட்டுக்கொண்டு நின்றதில் மாமாவுக்கு மராத்தி வந்துவிட்டது. ஆனால் பாண்டாவிடம் யார் மரியாதையாகப் பேசுவார்கள்? இங்கே வா, உட்காரு, கையைக் கொடு, ஆடு. மாமா கற்றது இந்த மராத்திதான். ஒரு நாள் தலையைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் கடைச் சேட்டின் மனைவி வர, மாமா பணிவாகக் குனிந்து, "இக்டே யே, பஸ்" என்றார். "இங்க வாட்டி, உக்காரு" என்பதற்குச் சமம். அந்த அம்மா திகைத்து, பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். சேட்டும் சிரித்துவிட்டு, தீபாவளிக்குள் மரியாதையாகப் பேசப் பழகினால் உள்ளே கவுண்ட்டரில் உட்கார வைப்பதாகச் சொன்னார்.

மறுபடி நான் டீச்சரானேன். "'பஸ்'னா உக்காரு, 'பஸா'ன்னா உக்காருங்க. எல்லாத்துக்கும் கடைசியில ஒரு 'ஆ' போட்டுருங்க மாமா, மரியாதை வந்துரும்" என்று சொல்லிக்கொடுத்தேன். இந்த முறை மாணவர் தூங்கவில்லை. கறுப்பு நாயைக்கூட மரியாதையாகத்தான் விரட்டினார்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாம் கெட்டது. கல்லூரிப் பையன்கள் சிலர் விளையாட்டாகப் பாண்டாவைப் படியிலிருந்து தள்ளிவிட, தலை கழன்று தெருவில் உருண்டது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் இருந்தார். "அட, ரிசப்ஷன்!" என்றாராம். அன்றைக்குச் சாயங்காலம் மாமா பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தார்.

"அத்தான் கேக்கதுக்கு முந்தி நானே போயிருதேன் மருமவளே. உரக்கடையில மொகமாவது வெளிய தெரியும்."

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அம்மாவிடம் சொன்னால் தடுப்பாள், ஆனால் சத்தியம் செய்திருந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் அம்மா, "கெளம்பு, கேம்புக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். தீபாவளித் துணிக்கு என்று நினைத்தேன். அவள் நேராக அந்தக் கடைக்குப் போனாள், படியேறவில்லை. அக்டோபர் வெயிலில் கைகொடுத்துக்கொண்டிருந்த பாண்டாவின் முன்னால் போய் நின்றுகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, உங்க மாமாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். வீட்ல அவன்ட்ட சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான். அதான் ஒன்ட்ட சொல்லுதேன்."

"அம்மா, மெதுவாப் பேசும்மா" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் குரல் இன்னும் உயர்ந்தது.

"பெட்டி கட்டுதான், பாத்தேன். எதுக்குப் போவணும்? ஆபீஸ்காரரு யாரோ உங்கப்பாட்ட என்னத்தையோ சொன்னாராம். சொல்லட்டும். உங்கப்பாவ நான் பாத்துக்கிடுதேன். நாள் பூரா நின்னு சம்பாதிக்கான், இதுல என்ன கேவலம்? நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருசம் ஆச்சு, இன்னும் ஒரு தக்காளி வெல கேக்க வரல. அவன் நாலு மாசத்துல மராட்டி பேசுதான். எனக்குப் பெருமையா இருக்கு, கேட்டியா? எனக்குன்னு இந்த ஊர்ல வந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனும் போயிட்டா நான் யார்ட்ட பேசுவேன்?"

பாண்டா கைகொடுக்க மறந்து நின்றது. ஒரு பொடியன் வாலைப் பிடித்துத் தொங்கினான், அதற்கும் அசையவில்லை. அம்மா பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பாவம், கரடி வெயில்ல நிக்கி. குடுத்துட்டு வா."

"அது பாண்டாம்மா."

"எதுவா இருந்தா என்னட்டி? தாகம் எடுக்கும்லா."

மாமா ஊருக்குப் போகவில்லை. தீபாவளி முடிந்த வாரத்தில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார், வருகிறவர்களுக்கெல்லாம் 'ஆ' போட்டார். அப்பா ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது பூனாவிலேயே விமான் நகரில் மாமாவுக்குச் சொந்தமாகவே ஒரு துணிக்கடை இருக்கிறது.

அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அம்மாவை நன்றாகத் திட்டினேன். வீட்டு விஷயத்தை எல்லாம் நடுத்தெருவில், அதுவும் ஒரு பாண்டா முன்னால் நின்றுகொண்டா பேசுவது?

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கரடிக்குத் தமிழா தெரியப்போவுது?" என்றாள்.

அந்தக் கரடிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாதே என்று, வீடு வந்து சேரும்வரை அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே வந்தேன்.