கோட்டின்மேல் வளர்ந்த பூஞ்சணம்

ஒரு பெண்ணின் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்த பூஞ்சணத்தை நான் கண்ணால் கண்டேன். கண்டும் மறைத்தேன். அவள் இறந்துபோனாள்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். போர்க்காலம், மின்சாரம் இல்லை. மாரி மழை தொடங்கிவிட்டால் சுவர், காற்சப்பாத்து, கோப்பு எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கும். நோயாளியின் சளியைக் கோடாக இழுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் தட்டுகளிலும் அது காற்றோடு வந்து விழும். அப்படிப் பழுதாகிப்போன தட்டுகளுக்காகப் பெரிய டொக்டரிடம் இரண்டு தரம் பேச்சு வாங்கியிருந்தேன்.

பிலோமினா குருநகர்க்காரி. முப்பத்திரண்டு வயது. சிறுநீரக நோய்க்காக மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் குளிசை எடுத்தவள். அந்தக் குளிசை சிறுநீரகத்தைக் காத்தது. உடம்பின் எதிர்ப்பைக் கரைத்துவிட்டது. காய்ச்சல், இருமல், பிறகு சளியில் இரத்தம்... கசம், அதாவது காசநோய், என்று எண்ணி மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை.

அவளுடைய முதல் தட்டில் நாலாம் நாள் சாம்பற் பச்சையாய்ப் பூஞ்சணம். காற்றில் வந்ததுதான் என்று நினைத்தேன். மறுபடியும் பேச்சு வாங்கப் பயந்து தட்டை எறிந்தேன். "ஒன்றும் வளரவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரண்டாம் தரமும் சளி வந்தது. இம்முறை மிகக் கவனமாக மூடி வைத்தேன். மூன்றாம் நாள் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே பச்சை! நான் சளியை இழுத்த கோடுகளின்மேல் மட்டும், கோடு பிசகாமல் வளர்ந்திருந்தது. காற்றில் வருவது கோடு பார்த்தா விழும்?

அந்த நேரம் பார்த்து, பிலோமினா கிடந்த நோயாளர் விடுதியின் டொக்டர் உள்ளே வந்தார். இளம் பெண். காலடி கேட்டதும் தட்டை மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டேன்.

"அந்தக் குருநகர்ப் பிள்ளையின்ரை சளியிலை பங்கசு, பூஞ்சணம் ஏதும் வந்ததே? எனக்கு அதிலைதான் சந்தேகம். அதுக்குரிய மருந்து இஞ்சை இல்லை, கொழும்பிலையிருந்து கப்பலிலை எடுப்பிக்கவேணும். உங்கடை றிப்போட் இல்லாமல் கேக்கேலாது."

வந்தது என்று சொன்னால், முதல் தட்டு எங்கே என்று கேட்பார். பொய் எழுதியவன் என்ற பெயர் வரும். வேலை போகும்... இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் என் மனதில் ஓடின. அந்த மூச்சுக்குள் பிலோமினா இருக்கவில்லை!

"இல்லை டொக்டர்," என்றேன். "ஒண்டும் வரேல்லை."

அதன்பின் பன்னிரண்டு நாள். அவள் கணவர் சவிரிமுத்து நாள்தோறும் மழையில் நனைந்த இடுப்புச் சாரத்தோடு ஆய்வுகூட வாசலில் வந்து நிற்பார்.

"ஐயா, ஏதும் தெரிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை. யோசியாதையுங்கோ," என்பேன். எவ்வளவு பதமாகச் சொன்னேன்! ஒவ்வொரு நாளும் லாச்சியைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. கைதான் எழவில்லை. விடுதிப் பக்கமிருந்து அவளுடைய இருமல் கேட்கும். கேட்காத நாளில் இன்னும் பயமாயிருக்கும்.

பதின்மூன்றாம் நாள் விடியற்புறம், இருமலோடு பெருக்கெடுத்த இரத்தம் நிற்கவேயில்லை என்று விடுதித் தாதி மிஸி சொன்னார். நான் தட்டை எடுத்து அவித்துக் கழுவினேன்.

மருந்து கேட்டிருந்தால் கப்பல் வந்திருக்குமா? வந்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாளா? இந்தக் கேள்விகளுக்குள் எத்தனையோ ஆண்டுகள் ஒளிந்திருந்தேன். எனக்குத் தெரியாது... யாருக்கும் தெரியவராமல் செய்தவன் நான்!

அவள் இறந்த முப்பத்தோராம் நாள் கோயிற் பூசை முடிந்த மறுநாள் சவிரிமுத்து வந்தார். ஓலைப் பையில் நாலு ஓரா மீன். கடலுக்குப் போகத் தடையிருந்த காலம். கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்திருக்கிறார்.

"கேட்டால் எல்லாரும் எரிஞ்சு விழுந்தவை. நீங்கள் ஒராள்தான் ஐயா முகம் பாத்துக் கதைச்சனீங்கள்."

பையை நீட்டினார். வாங்கினேன்.

வீட்டில் மனைவி குழம்பு வைத்தாள். நல்ல உடன் பிடிச்ச மீன், ஆர் தந்தது என்று கேட்டாள். தெரிந்த ஆள் என்றேன்.

இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.