தகரம் வைத்த அடுப்பு

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். குடியிருப்பது நான் பிறந்த அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்தான். பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருக்கிறார், கொழுந்து எடுப்பவர். தோட்டத்துக் கோயிலில் தைப்பொங்கலுக்கு நடக்கும் பொங்கல் போட்டியில் போன வருடத்துக்கு முந்திய நான்கு வருடமும் அவர்தான் முதல். என் பானை எல்லாருக்கும் கடைசியில் பொங்கும்.

"டீச்சருக்குப் பாடம் நல்லா வருது. அடுப்புதான் வர மாட்டேங்குது" என்று ஊர் கேட்கச் சொல்வார்.

போட்டிக்குக் கோயில் கமிட்டியே எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பானை, ஒரே அளவு பால், அரிசி, வெல்லம் கொடுக்கும். விறகும் அப்படித்தான்: கவ்வாத்தில் செடியை வெட்டிக் காயவைத்த தேயிலைக் குச்சி, மிலாறு, ஆளுக்கு ஒரு கட்டு. முதலில் பொங்கும் பானைக்குப் பரிசு. அந்தப் பொங்கல்தான் சாமிக்கு முதல் படையல்.

போன வருடம், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, வெப்பம் பற்றிய பாடத்துக்காகப் போனில் தேடிக்கொண்டிருந்தேன். எங்கோ சுற்றி ராக்கெட்டுக்குள் போய்விட்டேன். ராக்கெட்டின் திட எரிபொருள் எரியும்போது, தீயின் தகிப்பு வெயில் மாதிரி அதன் மேலேயே திரும்ப விழுந்து, அதை இன்னும் வேகமாக எரிய வைக்குமாம். அந்தத் தகிப்பு எரிபொருளின் உள்ளே ஊடுருவிவிடாமல் மேற்பரப்பிலேயே நிற்க, கரித்தூள் கூடக் கலப்பார்களாம். விறகுக்கும் இதே கதைதான் என்று தோன்றியது. நம் அடுப்பில் பாதித் தகிப்பு கல்லுக்கும் காற்றுக்கும் போகிறது. அதைத் திருப்பி விறகின் மேலேயே அடித்தால்?

பழைய பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி விரித்தேன். உள்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

பொங்கலன்று காலை கோயில் முன்னால் செங்கல் அடுக்கி, உள்ளே மூன்று பக்கமும் அந்தத் தகரத்தைப் பளபளப்பு தெரிய நிறுத்தினேன். அடுத்த அடுப்பு அக்காவுடையது.

"என்னா டீச்சர் அது?"

"காத்துக்கு மறைப்புங்க அக்கா."

பற்ற வைத்ததும் மிலாறு சடசடவென்று பிடித்தது. எனக்கே பயமாக இருந்தது. ஒரு குச்சியை வைத்து அடுத்ததை எடுப்பதற்குள் முதல் குச்சி தணலாகிவிடும். மற்றவர்கள் ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, என் பானையில் பால் நுரைத்து விளிம்பு தாண்டியது. "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோயில் தலைவர் என் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொன்னார்.

அரிசியைப் போட்டு, விறகுக்குக் கையை நீட்டினேன். கட்டுக்குள் நான்கு குச்சிதான் மிச்சம். பால் பொங்கின சந்தோஷத்தில், வேகமாக எரிவது வேகமாகத் தீரும் என்ற மூன்றாம் வகுப்புக் கணக்கை மறந்திருந்தேன்! ஐந்து நிமிடத்தில் அடுப்பு அணைந்தது. அரிசி பல்லில் நறநறத்தது.

பிறகு பொங்கிய அக்காவின் பானை நிதானமாகக் கொதித்து வெந்து, வெல்லமும் சேர்ந்து மணந்தது. பக்கத்தில் பாதிக் கட்டு விறகு அப்படியே கிடந்தது. அவர் குடத்தோடு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். அதே நேரம் தப்படிக்கிறவர்கள் வந்து சேர, எல்லார் முகமும் அந்தப் பக்கம் திரும்பியது.

முந்தானையால் பிடித்து இரண்டு பானைகளையும் இடம் மாற்றினேன். கரி பிடித்த பானைகளில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

திரும்பி வந்த அக்கா கரண்டியைப் போட்டுக் கிண்டினார். பிறகு குனிந்து பார்த்தார்.

"ஏங்க டீச்சர், வெந்த சோறு திரும்ப அரிசியாகுமா?"

"குளிர்ல அப்பிடித்தான் இறுகும் அக்கா" என்றேன், விஞ்ஞான ஆசிரியை.

அவர் மறுபடி வெல்லம் தேடி, விறகைத் தள்ளி வேகவைத்தார். என் படையலைச் சாமி ஏற்றுக்கொண்டது. தலைவர் ஒரு கவளம் சாப்பிட்டு, "பிரமாதம்" என்றார். விறகடுப்புப் போட்டிக்குப் பரிசு மின்சார ரைஸ் குக்கர்.

பிரசாதம் வாங்கிய அக்கா வாயில் போட்டதும் மெல்லுவதை நிறுத்தினார். என் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார்.

"சுக்கு எப்ப போட்டீங்க டீச்சர்?"

"வீட்டிலேயே பொடிச்சுக் கொண்டாந்தேன்."

"நானும்தான் கொண்டாந்தேன். போட்டேன். என் பானையில அது இல்ல, உங்க பானையில இருக்கு. பானைக்குக் கால் முளைச்சிருச்சா?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ரைஸ் குக்கரை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "சரி, அந்தத் தகர வித்தையையும் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தேன். விறகு சீக்கிரம் தீரும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மூன்றாம் நாள் கதவை இடித்தார்.

"ஒரு வாரத்து மிலாறு மூணு நாள்ல சாம்பலாப் போச்சுங்க!"

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுமுன் தேத்தண்ணி சீக்கிரம் கொதிக்கவேண்டும். அப்போது தகரம் உள்ளே. சாயங்காலம் சோறு நிதானமாக வேகலாம். அப்போது தகரம் வெளியே. என் பாடத்தில் இல்லாத விடை அது. வகுப்பில் அதை என் விடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடப் போட்டிக்குக் கமிட்டி புது விதி எழுதி ஒட்டியது: அடுப்புக்குள் தகரம் வைக்கக்கூடாது. யார் போய்ச் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அக்கா மட்டும் அந்தக் காகிதத்தின் முன்னால் நின்று, எழுத்துக்கூட்டி, எனக்குக் கேட்கச் சத்தமாக இரண்டு தரம் வாசித்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.