துளசிங்கம் வேண்டிக்கொண்ட மூங்கில்

துளசிங்கத்தைப் பற்றி எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு. திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகும் சாலையில் அவருடைய நாற்பது சென்ட்டும் என்னுடைய முப்பது சென்ட்டும் ஒரே வரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அரக்கோணத்தில் ரயில்வே ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆன நாளிலிருந்து, காலையில் வெளியே வந்தால் நான் முதலில் பார்க்கும் முகம் அவருடையது. அந்த முகத்தோடு ஏழெட்டு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தனை சண்டையும் ஒரு மூங்கிலைப் பற்றித்தான்.

அவர் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அப்பா விட்டுப்போன மேட்டு நிலத்தில் கல்யாணமான வருஷம் குண்டுமல்லி வைத்தார். நடுவில் கல் கட்டிய கிணறு, ஓரத்தில் ஓட்டு வீடு. தோட்டம் என்று சொன்னால் அது உண்மையில் அவர் மனைவி அனுசுயா அண்ணியுடையது. எந்தச் செடி எந்த வருஷத்துப் பதியன், எது சோம்பேறி, எதற்கு எறும்புத் தொல்லை என்பதெல்லாம் அண்ணிக்குத்தான் தெரியும். விடியும்போதே இரண்டு பேரும் மொட்டுப் பறித்து முடித்துவிடுவார்கள். எட்டு மணிக்குள் கூடை மலையடிவாரத்துப் பூக்கடைக்குப் போய்விடும். ஒரே மகள் கயல்விழியை அந்தப் பூவை வைத்தே டீச்சர் டிரெய்னிங் வரை படிக்கவைத்து, மணவூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கயல்விழிக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, சாப்பிடாத மருந்து இல்லை. துளசிங்கம் மாதாமாதம் கிருத்திகைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படியும் ஏறிவிட்டு வருவார். கேட்டால், ‘சும்மா போய்ட்டு வந்தேன்’ என்பார். அவர் எதற்குப் போகிறார் என்பது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

அந்தச் சமயத்தில் அவருக்கு மேற்கே இருந்த மனையை ஒரு சென்னைக்காரர் வாங்கியிருந்தார். மாதம் ஒருமுறை காரில் வருவார், மரத்தடியில் நாற்காலி போட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார், போய்விடுவார். நல்ல மாதிரிதான். மதில் கட்டினால் ஜெயில் மாதிரி இருக்கும் என்று எங்கிருந்தோ ஒரு நர்சரியில் மஞ்சள் மூங்கில் கன்று வாங்கிவந்து வேலிக்குப் பதிலாக வரிசையாக நட்டார். நமக்குத் தெரிந்த மூங்கில் குத்தாக ஓரிடத்தில் நிற்கும். இது ஓடுகிற சாதி. மண்ணுக்கடியில் விரல் தடிமனில் வேர் ஓடி, பத்தடி தள்ளி முளை விடும். சென்னைக்காரருக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

மூன்றாவது வருஷம் ஆனி மாதம் பிறந்த வாரத்தில், மல்லிப் பாத்தியின் நடுவே முதல் முளை வந்தது. அதற்கு முந்தின நாள்தான் கயல்விழி போன் செய்து, நாள் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டரும் உறுதியாகச் சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் அழுதிருந்தாள். நான் வரப்பில் நின்று, பிடுங்கிப் போடுங்கண்ணா, செடிக்கு இடைஞ்சல் என்றேன். அவர் அந்த முளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்.

“இத்த நானும் நடல, நீயும் நடல தம்பி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி கட்டறதுக்கு அவனே அனுப்பி வெச்சிருக்கான்.”

ஆடிக்குள் அது ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டது. அந்தப் பச்சைக் கழியை வெட்டிப் பிளந்து, பிளாச்சை வளைத்துக் காவடி கட்டினார். தன் தோட்டத்துப் பூவையே சுற்றினார். சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு முதல் படியில் நின்று வேண்டிக்கொண்டார். பக்கத்தில் பால்குடத்தோடு நின்ற எனக்கும் அது கேட்டது. குழந்தை நல்லபடி பிறந்து நல்லபடி வளர வேண்டும், என் உடம்பில் உயிர் இருக்கும்வரை காவடி இந்த மூங்கிலில்தான் என்றார். எனக்கும் அப்போது கண் கலங்கியது. பொய் சொல்வானேன்.

மாசியில் சௌமியா பிறந்தாள். துளசிங்கம் அந்த மூங்கில் முளைத்த இடத்தைச் சுற்றி மண் அணைத்து, அடுத்து வந்த கழியில் மஞ்சள் துணி கட்டினார். மறு வருஷம் நாலு முளை வந்தது. அதற்கு மறு வருஷம் எண்ணவில்லை.

அவர் போட்ட சட்டம் இதுதான்: மேலே வளர்ந்ததை வெட்டலாம், வேரில் கை வைக்கக் கூடாது. சாமிக்கு நேர்ந்தது எந்தக் கழி, அதன் பிள்ளை எது என்று யார் கண்டார்கள்? எல்லாம் ஒரே வேர்தானே. ஆகவே அண்ணி தினமும் கத்தியோடு குனிந்து முளைகளை அறுத்துக்கொண்டே இருந்தார். அறுக்க அறுக்க அது பக்கத்தில் இரண்டாக வந்தது. செடிகளின் வேருக்குள் புகுந்து அவற்றை மேலே தூக்கியது. இருபது வருஷத்துச் செடிகள் பட்டை காய்ந்து நின்றன. நான் தலையில் அடித்துக்கொண்டேன். தெய்வ நம்பிக்கை எனக்கும் உண்டு. அதற்காக வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் கங்கை என்று கும்பிட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியாது. இதை அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் வலுக்கட்டாயமாக அவரை அழைத்துப்போய், வயதான ஒரு குருக்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காவடி மலையேறி இறங்கியதோடு காணிக்கை முடிந்துவிட்டது, செடிக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை, தாராளமாக எடுக்கலாம் என்றார். துளசிங்கம் பயபக்தியோடு தலையாட்டினார், விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

“அவரு சொல்றாரு, சரிதான். ஆனா வேண்டிக்கினது நானாச்சே.”



சென்னைக்காரரிடமாவது முறையிடலாம் என்று போன் செய்தேன். கொஞ்சம் பச்சையாக இருந்தால் நல்லதுதானே என்றார் முதலில். பிறகு நெஞ்சு வலி என்று வருவதை நிறுத்தினார். பிறகு இறந்தே போனார். வெளிநாட்டில் இருக்கும் மகன் மரியாதையாகப் பேசினான். அங்கிள், உங்களுக்கு எது சரியோ அப்படிச் செய்துகொள்ளுங்கள் என்றான். கேட் பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. உள்ளே அந்த நாற்காலியைச் சுற்றி மூங்கில் காடாகிவிட்டது. கோபப்பட ஒரு ஆள்கூட இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஆறாவது வருஷம் தோட்டத்தில் பாதிக்கு மேல் பூ இல்லை. அண்ணி ஆட்டோ பிடித்து அடுத்தவர் தோட்டத்துக்குப் பூப் பறிக்கக் கூலிக்குப் போக ஆரம்பித்தார். முப்பது வருஷம் சொந்தச் செடியில் பறித்த கை அது. போகும்போது என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு போவார். நான் அந்த நேரத்தில் வாசலில் நிற்பதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஐப்பசி மழையில் கிணறு போனது. கல் இடுக்குகளில் மூங்கில் வேர் நுழைந்து மேல் வரிசையை முன்னமே தள்ளி வைத்திருந்தது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு மேற்குப் பக்கம் அப்படியே சரிந்து, மோட்டாரோடு உள்ளே இறங்கியது. சத்தம் கேட்டு ஓடினேன். துளசிங்கம் விளிம்பில் நின்று கலங்கல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். குழந்தை மாதிரி வந்தார்.

கயல்விழி மகளோடு வந்து பார்த்தாள். சௌமியாவுக்கு அப்போது ஆறு முடிந்திருந்தது. சரிந்த கிணற்றை டீச்சரம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“நைனா, எனக்காவத்தான வேண்டிக்கினீங்க? நான் சொல்றேன், வேரோட எடுத்துடுங்க. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. அப்படி ஏதாச்சும் ஆனா, அந்தப் பாவம் என்னுது.”

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சரி என்றார்.

தை மாதத்தில் ஜேசிபி வந்தது. மஞ்சள் துணி கட்டிய கழியின் கீழே கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இயந்திரம் மூன்றடி ஆழத்துக்குத் தோண்டி வேரை வாரி வாரிச் சாலையோரம் குவித்தது. சென்னைக்காரர் வேலி ஓரமாகவும் பள்ளம் வெட்டித் தகரம் புதைத்தோம். அண்ணியும் நானும் மூன்று வாரம் குனிந்து, விட்டுப்போன துண்டுகளைப் பொறுக்கினோம். கிணற்றையும் ஒருவழியாகத் தூர்வாரிக் கட்டினோம். அண்ணி நூறு மல்லிப் பதியன் வாங்கிவந்து நட்டார். சித்திரை வெயிலில் குடம் குடமாகச் சுமந்து காப்பாற்றினார். ஆனியில் கன்றுகள் புதுத் துளிர் விட்டன. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. துளசிங்கம் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் கடையில் மூங்கில் வாங்கிவந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காவடி கட்ட உட்கார்ந்தார்.

கிருத்திகைக்கு ஆறு நாள் இருக்கும்போது சௌமியாவுக்குக் காய்ச்சல். டெங்கு என்று திருவள்ளூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மணவூரில் அந்தத் தெருவில் மட்டும் அவளோடு சேர்த்து ஐந்து பிள்ளைகளுக்கு அதே காய்ச்சல். ஐந்தாறு நாள் ஆகும், ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கித்தான் ஏறும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இதையெல்லாம் நான் துளசிங்கத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் எண்ணிக்கை இன்னும் இறங்கிவிட்டது என்று போன் வந்தது. அன்று மத்தியானம் தூறலில் அவர் சாலையோரக் குவியலைக் கையால் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மேலே இருந்த வேரெல்லாம் கருவாடாகக் காய்ந்திருந்தது. அடியில் ஈரத்தில் ஒரு சாண் துண்டு, ஒரு கண் பச்சையாக. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். புதுப் பதியன்களுக்கு நடுவே, பழைய இடத்திலேயே குழி பறித்து வைத்து மண் மூடினார். நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், முட்டாள் என்றுகூடச் சொன்னேன். அவர் அந்தச் சேற்றிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

“திட்டு தம்பி, நல்லா திட்டு. நெலம் போனா நான் கூலிக்குப் போவேன். கொழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நான் எங்க போவேன்?”

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் சொன்னபடிதான் விட்டது. அந்தத் தெருவில் மற்ற நாலு பிள்ளைகளுக்கும் விட்டது, அவர்கள் வீட்டில் யாரும் மூங்கில் நடவில்லை. துளசிங்கம் காவடி எடுத்துப் படியேறி, அழுதுகொண்டே இறங்கி, நேராக, வீடு திரும்பிய பேத்தியைப் பார்க்க மணவூருக்கு ரயில் ஏறினார்.

இதுதான் சமயம் என்று நான் மறுநாள் காலை கடப்பாரையோடு வரப்பைத் தாண்டினேன். ஒரு சாண் வேர்தானே, ஐந்து நிமிஷ வேலை. பட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம். இப்போது விட்டால் நாலு வருஷத்தில் என் கிணறும் போகும். அண்ணி கையெடுத்துக் கும்பிடுவார் என்றுதான் நினைத்தேன். இந்த மூங்கிலை அவரைவிட வெறுத்தவர் உலகத்தில் இல்லை.

வேர் முளைத்திருந்தது. ஆள்காட்டி விரல் உயரம். நான் கடப்பாரையை ஊன்றியபோது அண்ணி பின்னால் வந்து நின்றார். தடுக்கவில்லை.

“எடுக்கறதுன்னா எடு தம்பி. நான் உள்ள போயிடறேன். ஆனா நாளைக்குக் கொழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாகூட எனக்கு உன் மூஞ்சிதான் ஞாபகம் வரும்.”

எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. டாக்டரைச் சொல்லலாம், குருக்களைச் சொல்லலாம், அந்த நாலு பிள்ளைகளைச் சொல்லலாம். எல்லாம் என் வாயில் இருந்தது. சௌமியா என்னை ராஜா தாத்தா என்று கூப்பிடுவாள். எனக்கு வயது அறுபத்தெட்டு, ரயில் பெட்டியையே பிரித்துப் பூட்டிய கை இது. ஓங்கினேன். இறங்கவில்லை. பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வரப்பைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அண்ணி உள்ளே போகவில்லை. அந்த முளைக்கு இடம் விட்டு, அதைச் சுற்றி வட்டமாகத் துளிர் விட்டிருந்த மல்லிக் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.