கம்ப்யூட்டருக்குத் தைத்த பனியன் உறை

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். டி-ஷர்ட்டில் அடிக்க வேண்டிய டிசைன்களை பென் டிரைவில்தான் வைத்திருப்பேன். கம்ப்யூட்டரில் சொருகினால் அது அடிக்கடி திரையிலிருந்து காணாமல் போனது. சரிசெய்ய, பென் டிரைவை இயக்கும் உள் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டேன். 'முடியும்வரை அணைக்காதீர்கள்' என்றது திரை. பாதியிலேயே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும் அணைந்தது. மதியம் பிரிண்டிங் தொடங்கியாக வேண்டும்.

செக்கிங் செக்‌ஷன் செல்வி அக்கா வந்து சிபியுவைத் தொட்டார். "ஏனுங்க, அயர்ன் பாக்ஸ் மாதிரி கொதிக்குதுங்களே!"

பஞ்சுத் தூசி போகக் கூடாதென்று வேஸ்ட் பனியன் துணியில் நானே தைத்துப் போட்ட உறை, காற்றோட்டத்தையே அடைத்திருந்தது. அதைக் கழற்றி, சூடு ஆறியதும் மறுபடி அப்டேட் போட்டேன். அப்டேட் முடிந்தது. ஆனால் அதில் எல்லாம் அழிந்து, பென் டிரைவ் காலி!

பக்கத்து ஊரான மங்கலத்தில் இருந்த பிரிண்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டேன். ஆர்டர் தந்த பையரின், வெளியே கசியக் கூடாத டிசைனை அவர் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்ததற்காக, போன வாரம்தான் அவரைத் திட்டி, "உடனே அழிங்க, பிரிண்ட் அன்னைக்கு நானே கொண்டு வர்றேன்" என்றிருந்தேன்.

"மாஸ்டர், அழிச்சுட்டீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க மேடம்... இன்னும் அழிக்கலீங்க."

அழுகையே வந்துவிட்டது.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்த பிறகே உறை போடுகிறேன். யாரையும் அழிக்கச் சொல்லும் முன், என்னிடம் இன்னொரு காப்பி இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுகிறேன்.